வீட்டில் டிவிடி எழுத எந்தக் காலி டிஸ்க், எந்த மென்பொருள்? எழுதியதில் பாதி ஓட மாட்டேன் என்கிறது

கேசட்பெட்டி:

வணக்கம் நண்பர்களே. அப்பா பல வருடங்களாகக் கேமராவில் எடுத்து வைத்த மினிடிவி (சின்ன டிஜிட்டல் வீடியோ நாடா) கேசட்டுகள் 14 இருக்கின்றன. எல்லாவற்றையும் ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கணினிக்கு ஏற்றிவிட்டேன். அம்மாவும் சித்தியும் பெரியப்பாவும் பார்க்க வேண்டும். அவர்களிடம் இருப்பது டிவியோடு இணைத்த சாதாரண டிவிடி பிளேயர்தான், பென் டிரைவைச் செருகிக் கோப்பைத் தேடி எடுப்பதெல்லாம் அவர்களுக்குச் சரிப்படாது, டிஸ்க்கைப் போட்டு ஒரு பட்டனை அமுக்கினால் ஓட வேண்டும். அதனால்தான் இப்போதும் டிவிடி.

கடையில் இருப்பதிலேயே விலை குறைவான 50 டிஸ்க் அடுக்கு ஒன்று வாங்கினேன். இதுவரை 11 எழுதியிருக்கிறேன். 4 டிஸ்க் எழுதும்போதே பிழை காட்டி நின்றுவிட்டன. 2 டிஸ்க் என் மடிக்கணினியில் நன்றாக ஓடுகின்றன, அம்மா வீட்டு பிளேயரில் போட்டால் 'டிஸ்க் இல்லை' என்கிறது. மீதி ஐந்தும் ஓடின. ஆனால் எட்டு மாதம் கழித்து இப்போது போட்டுப் பார்த்தால் அவற்றில் மூன்று, கடைசிக் கால் மணி நேரத்தில் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடுகின்றன. அதில் ஒன்றில் தாத்தா பேசுவது இருக்கிறது. கேசட் பத்திரமாக இருப்பதால் தப்பித்தேன், ஆனால் டிஸ்க்கை நம்பிக் கேசட்டைத் தூக்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

காலி டிஸ்க்கில் பிளஸ் ஆர் (DVD+R), மைனஸ் ஆர் (DVD-R) என்று இரண்டு வகை இருக்கிறதே, எதை வாங்குவது? எந்த நிறுவனம்? என்ன வேகத்தில் எழுத வேண்டும்? மென்பொருள் எது? நான் விண்டோஸிலேயே இருப்பதைத்தான் பயன்படுத்தினேன், காலி டிஸ்க்கைப் போட்டதும் வரும் பெட்டியில் முதலில் இருப்பதைத் தேர்ந்தெடுத்துக் கோப்புகளை இழுத்துப் போட்டேன். முதல் சிலவற்றை அப்படித்தான் எழுதினேன், பிறகு ஒரு நண்பர் கொடுத்த பழைய மென்பொருளில் வேகத்தை 16 மடங்கு என்று வைத்து. எழுதும் கருவி யூஎஸ்பியில் செருகும் மெல்லிய வகை.

சுழல்வட்டு:

உங்களுக்கு ஒரு பிரச்சினை இல்லை, மூன்று இருக்கின்றன. மூன்றும் ஒரே நேரத்தில் வந்ததால் எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது.

முதலில் பிளேயர் 'டிஸ்க் இல்லை' என்று சொன்ன இரண்டு. காலி டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் இரண்டு வழிகளைக் காட்டும். ஒன்று 'யூஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ் போல', இன்னொன்று 'சிடி/டிவிடி பிளேயருடன்'. முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்க்கைப் பென் டிரைவ் மாதிரி நினைத்து, கோப்புகளை அவ்வப்போது சேர்த்துக்கொண்டே போக வசதியாக எழுதும். கணினி அதைப் படிக்கும், டிவிக்கு அடியில் இருக்கும் பிளேயருக்கு அது புரியாது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் முழுத் தீர்வு கிடைத்திருக்காது, ஏனென்றால் அது உங்கள் வீடியோ கோப்பை அப்படியே டேட்டா டிஸ்க்காகத்தான் எழுதும். அந்த வகைக் கோப்பைப் படிக்கத் தெரிந்த பிளேயராக இருந்தால் ஓடும், இல்லையென்றால் ஓடாது. எல்லா பிளேயரிலும் ஓட வேண்டுமென்றால் அது முறையான டிவிடி வீடியோவாக இருக்க வேண்டும். அதாவது டிஸ்க்கைத் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்று ஒரு கோப்புறை, அதற்குள் ஐஎஃப்ஓ, பியூபி, விஓபி என்று முடியும் கோப்புகள், ஒவ்வொரு விஓபியும் 1 ஜிபிக்கு மிகாமல். இதை உருவாக்குவது ஒரு வேலை, டிஸ்க்கில் எழுதுவது வேறு வேலை. பலர் இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எழுதும்போதே நின்றுபோன நான்குக்கு டிஸ்க் காரணமாக இருக்கலாம், மின்சாரமும் காரணமாக இருக்கலாம். மெல்லிய யூஎஸ்பி ரைட்டர் தனக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் யூஎஸ்பி வழியாகத்தான் எடுக்கிறது. யூஎஸ்பி 2.0 துளை தருவதாக ஒப்புக்கொண்டது 500 மில்லியாம்பியர்தான். எழுதும்போது லேசர் முழு வலுவில் எரிய வேண்டும், மோட்டாரும் வேகமாகச் சுற்ற வேண்டும், அந்த நேரத்தில் 500 போதாமல் போகலாம். நடுவில் ஹப் எதுவும் வைக்காதீர்கள். கணினியின் துளையிலேயே நேராகச் செருகுங்கள். ரைட்டரோடு இரண்டு முனை உள்ள கேபிள் வந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள், ஒன்று போதும் என்று விடாதீர்கள்.

மூன்றாவதுதான் கவலைக்குரியது, எட்டு மாதத்தில் கெட்டுப்போனவை. டிவிடியில் எழுத்து உள் வட்டத்தில் தொடங்கி வெளி விளிம்பை நோக்கிப் போகும். கடைசிக் கால் மணி நேரம் கெடுகிறது என்றால் வெளி விளிம்பு கெடுகிறது என்று அர்த்தம். மட்டமான டிஸ்க்கில் லேசர் எழுதும் சாயப் பூச்சு சீராகப் பரவாமல் போவதும், தட்டு லேசாக வளைந்திருப்பதும் அந்த விளிம்பில்தான் அதிகம். அதுவும் 16 மடங்கு வேகத்தில் எழுதும்போது தட்டு நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 0.74 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் 1,300க்கு மேற்பட்ட தடங்கள். அந்த வேகத்தில் லேசர் விளிம்பில் இம்மி பிசகாமல் எழுத வேண்டுமென்றால் தட்டு நல்லதாக இருக்க வேண்டும்.

எந்த நிறுவனம் என்று கேட்டீர்கள். அட்டையில் இருக்கும் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். டிஸ்க் விற்கும் பெயர்கள் நிறைய, செய்யும் ஆலைகள் சில. ஒவ்வொரு காலி டிஸ்க்கிலும் அதைச் செய்தவரின் குறியீடு தொழிற்சாலையிலேயே பதிந்து வந்திருக்கும். இம்ஜ்பர்ன் என்ற மென்பொருளைத் திறந்து, காலி டிஸ்க்கைப் போட்டு, எழுதும் பக்கத்துக்குப் போனால் வலது பக்கத்தில் டிஸ்க் ஐடி என்று அதைக் காட்டும். வெர்பாட்டிமின் நல்ல 16 மடங்கு மைனஸ் ஆரில் எம்சிசி 03ஆர்ஜி20 என்றும், பிளஸ் ஆரில் எம்சிசி 004 என்றும் இருக்கும். இவை மிட்சுபிஷி கெமிக்கல் வடிவமைத்த ஏசோ சாயம் பூசியவை. தையோ யூடென் டிஸ்க்குகளில் டிஒய்ஜி02, டிஒய்ஜி03 என்று இருக்கும். காலி டிஸ்க் என்றால் அதுதான் என்று ஒரு தலைமுறையே சொன்னது, ஆனால் அவர்கள் 2015 முடிவில் இந்தத் தொழிலை விட்டுவிட்டார்கள், இப்போது எங்காவது கிடைத்தால் பழைய இருப்புதான். இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவருக்கு நான் சொல்வது வெர்பாட்டிம், அதிலும் அட்டையில் ஏசோ என்று தெளிவாகப் போட்டது. அதே பெயரில் ஏசோ என்று போடாத வரிசையும் இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

முதலில் 10 டிஸ்க் மட்டும் வாங்கி எழுதிப் பாருங்கள், ஐம்பது அடுக்கு பிறகு வாங்கலாம்.

வேகம்: 16 மடங்கு என்று போட்ட டிஸ்க்கை 8 மடங்கில் எழுதுங்கள். ஒரு முழு டிஸ்க் எட்டிலிருந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், 16 மடங்கில் போனால் மிச்சமாவது மூன்று நான்கு நிமிடம்தான். எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது என்று சிலர் 1 மடங்கு, 2 மடங்கில் எழுதச் சொல்வார்கள். இப்போதைய டிஸ்க்குகளின் சாயம் அவ்வளவு மெதுவான லேசருக்காகச் செய்யப்பட்டதே இல்லை, பலனும் இல்லை. உங்கள் மெல்லிய ரைட்டரின் உச்ச வேகமே 8 ஆக இருந்தால் 6 அல்லது 4 வையுங்கள்.

விளிம்புத்தகடு:

சுழல்வட்டு சொன்னதெல்லாம் சரி, பிளஸ் மைனஸ் பற்றி அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். மைனஸ் ஆர் 1997இல் பயனியர் கொண்டுவந்தது, பிளஸ் ஆர் 2002இல் பிலிப்ஸ், சோனி முதலியோர் சேர்ந்த தனிக் கூட்டணி கொண்டுவந்தது. இப்போதுள்ள ரைட்டர் எல்லாம் இரண்டையும் எழுதும். பழைய பிளேயர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மைனஸ் ஆர் வாங்கு என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பிளஸ் ஆரில் ஒரு வசதி உண்டு, டிஸ்க்கின் வகை என்ன என்று சொல்லும் இடத்தில் 'நான் வீட்டில் எழுதிய ஆர் அல்ல, கடையில் வாங்கிய அச்சு டிவிடி' என்று, அதாவது டிவிடி ரோம் என்று மாற்றி எழுதலாம். புக் டைப் என்பது இதைத்தான். ரைட்டர் அதை அனுமதிக்க வேண்டும், அனுமதித்தால் இம்ஜ்பர்னிலேயே மாற்றலாம். என்னிடம் இருந்த ஒரு பழைய பிளேயர் மைனஸ் ஆரைப் பத்துக்கு மூன்று முறை துப்பிவிடும், புக் டைப் மாற்றிய பிளஸ் ஆரை ஒரு முறைகூடத் துப்பியதில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. இரண்டும் 4.7 ஜிபி என்றாலும் கொள்ளளவு துல்லியமாக ஒன்று அல்ல. மைனஸ் ஆர் 470,73,19,808 பைட், பிளஸ் ஆர் 470,03,72,992 பைட். கிட்டத்தட்ட 7 எம்பி குறைவு. மைனஸ் ஆருக்கென்று விளிம்பு வரை நிரப்பி ஐஎஸ்ஓ (முழு டிஸ்க்கின் நகலான ஒற்றைக் கோப்பு) செய்து வைத்திருந்தால் அது பிளஸ் ஆரில் ஏறாது. விண்டோஸ் இதையே 4.38 ஜிபி என்று காட்டும், டிஸ்க் குறைகிறது என்று பயப்பட வேண்டாம், கணக்குப் போடும் முறைதான் வேறு.

படத்தொகுப்பு:

நான் இதே வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன், குடும்பங்களின் பழைய கேசட்டை டிவிடியாக மாற்றிக் கொடுப்பது. டிஸ்க் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். வீடியோ பக்கம்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

டிவிடி வீடியோ என்றால் எம்பெக் 2 என்ற சுருக்க முறை. டிவி முறைகள் இரண்டு, பால், என்டிஎஸ்சி. பால் முறைக் கேமரா என்றால் 720க்கு 576, நொடிக்கு 25 சட்டகம். என்டிஎஸ்சி என்றால் 720க்கு 480, நொடிக்கு 29.97. உங்கள் கேசட் எந்த முறையோ அதிலேயே விடுங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள், அசைவெல்லாம் விக்கி விக்கி வரும். மினிடிவி கேசட்டில் இருப்பதும் இதே அளவுப் படம்தான். அதனால் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ தேவையே இல்லை.

இப்போது எல்லோரும் தவறவிடும் விஷயம். மினிடிவி படத்தில் ஒவ்வொரு சட்டகமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு பாதிகளாகப் பதிவாகியிருக்கும், அவற்றில் கீழ்ப் பாதி முதலில் வரும். மென்பொருள் 'மேல் பாதி முதலில்' என்று எடுத்துக்கொண்டு எம்பெக் 2 ஆக்கிவிட்டால் கணினியில் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, டிவியில் போட்டால் குழந்தை ஓடும் இடத்தில் எல்லாம் உடம்பு முன்னும் பின்னும் உதறுவது போலத் தெரியும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து நானே ஆரம்பத்தில் ஒரு முழு மாலையை வீணடித்திருக்கிறேன். மாற்றும் அமைப்பில் ஃபீல்டு ஆர்டர் என்று இருக்கும், அதில் பாட்டம் ஃபர்ஸ்ட் என்று வையுங்கள். பழைய குழாய் டிவி இன்னும் யார் வீட்டிலாவது இருந்தால் அதில் ஓடவிட்டுப் பாருங்கள், தவறு இருந்தால் முதல் நொடியிலேயே காட்டிக்கொடுக்கும்.

ஒலியிலும் ஒன்று உண்டு. சில கேமராக்களில் 12 பிட் ஒலி என்று வைத்து எடுத்திருப்பார்கள், அப்படி எடுத்தால் 32 கிலோஹெர்ட்ஸ். டிவிடி வீடியோவில் 48 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். மாற்றாமல் கட்டினால் மென்பொருள் ஏற்க மறுக்கும். ஒரே கேசட்டில் பாதி 12 பிட்டாகவும் பாதி 16 பிட்டாகவும் இருந்தால், சில பிடிப்பு மென்பொருள்கள் நடுவில் இருந்து ஒலியைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோகும். தாத்தா வாய் அசைவதற்கும் குரலுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று கேசட்டின் கடைசிப் பகுதியில் பார்த்துவிடுங்கள், தொடக்கத்தில் பார்த்துப் பயனில்லை.

ஒரு டிஸ்க்கில் எவ்வளவு ஏற்றலாம்? விளிம்பு வரை நிரப்பாமல் 4.3 ஜிபியோடு நிறுத்துவேன். அந்தக் கணக்கில் ஒன்றரை மணி நேரப் படத்துக்கு மொத்தம் நொடிக்கு 6.3 மெகாபிட் கிடைக்கும். படம் நன்றாக இருக்கும். இரண்டு மணி நேரம் என்றால் 4.7 மெகாபிட், பரவாயில்லை. அதற்கு மேல் போனால் கையில் பிடித்து எடுத்த, ஆடிக்கொண்டே இருக்கும் படம் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும். ஒரு மணி நேரக் கேசட் ஒன்றை ஒரு டிஸ்க்கில் போட்டால் கணக்குப்படி 9.5 வரை போகலாம். ஆனால் போகாதீர்கள். டிவிடியின் உச்ச வரம்பே மொத்தம் 10.08, படத்துக்கு மட்டும் 9.8. அந்த வரம்பை ஒட்டி எழுதினால் வீட்டில் எழுதிய டிஸ்க்கைப் படிக்கும் பிளேயர் மூச்சு வாங்கும். நான் 7க்கு மேல் போவதில்லை, ஒலிக்கு ஏசி3 என்ற சுருக்க முறை, நொடிக்கு 192 கிலோபிட். அப்படிச் செய்தால் டிஸ்க்கின் வெளி விளிம்பில் கொஞ்சம் இடம் காலியாகவே இருக்கும், அதுதான் நமக்கு வேண்டியது.

மென்பொருள்: வீடியோ_டிஎஸ் உருவாக்க டிவிடி ஸ்டைலர். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் உண்டு. மெனு செய்யலாம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு அத்தியாயப் புள்ளி வைக்கலாம், பெரியவர்கள் ரிமோட்டில் அடுத்தது என்று அமுக்கினால் தாவிவிடும். ஆனால் பெரியவர்களுக்குச் செய்யும்போது நான் மெனுவே வைப்பதில்லை, டிஸ்க்கைப் போட்டதும் படம் தானாகத் தொடங்கும்படி வைத்துவிடுவேன். ஹேண்ட்பிரேக்கைப் பலர் சொல்வார்கள், நல்ல மென்பொருள், ஆனால் அது எம்பி4, எம்கேவி மாதிரியான கோப்புகளைத் தருமே தவிர டிவிடி வீடியோ கட்டாது. விண்டோஸ் 7இல் டிவிடி மேக்கர் என்று ஒன்று கூடவே வந்தது, 8இலிருந்து எடுத்துவிட்டார்கள்.

டிவிடி ஸ்டைலர் நேரடியாகவும் எழுதும். நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஐஎஸ்ஓ கோப்பாக வன்தட்டில் செய்துகொண்டு, அதை விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் திறந்து முழுவதும் ஓட்டிப் பார்த்து, அப்புறம் இம்ஜ்பர்னில் எழுதுவேன். இம்ஜ்பர்ன் 2013இல் 2.5.8 வந்ததோடு நின்றுவிட்டது, இருந்தும் இன்றைய விண்டோஸில் வேலை செய்கிறது. நிறுவும்போது மட்டும் கவனம், கூடவே வேறு எதையாவது நிறுவவா என்று கேட்டால் டிக்கை எடுத்துவிடுங்கள். அது பிடிக்கவில்லை என்றால் சிடிபர்னர் எக்ஸ்பி. லினக்ஸ் என்றால் கே3பி. அவசரத்துக்கு விண்டோஸிலேயே ஐஎஸ்ஓ மேல் வலது கிளிக் செய்து எழுதலாம், அதிலும் எழுதிய பின் சரிபார்க்கும் பெட்டியை டிக் செய்ய மறக்காதீர்கள்.

முதல் முயற்சியை ஒரு ஆர்டபிள்யூ (அழித்து எழுதக்கூடிய) டிஸ்க்கில் எழுதி அம்மா வீட்டு பிளேயரில் போட்டுப் பாருங்கள். ஆயிரம் முறை வரை அழித்து எழுதலாம், தவறு இருந்தால் டிஸ்க் வீணாகாது. சில பழைய பிளேயர்கள் ஆர்டபிள்யூ டிஸ்க்கை மட்டும் படிக்காது, அதன் ஒளி திருப்பும் திறன் குறைவு, அதனால் அது ஓடாவிட்டாலும் மனம் தளர வேண்டாம்.

கேசட்பெட்டி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவான பதிலை எதிர்பார்க்கவில்லை. இம்ஜ்பர்னை நிறுவி என் பழைய அடுக்கிலிருந்து டிஸ்க்குகளைப் போட்டுப் பார்த்தேன். அட்டையில் இருந்த பெயருக்கும் குறியீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. இன்னும் ஒன்று, அடுக்கின் மேலே இருந்ததற்கும் அடியில் இருந்ததற்கும் குறியீடு வேறு வேறு! டிஸ்க்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஊதா நிறம் நடுவில் அடர்த்தியாக இருந்து விளிம்பில் வெளிறிப் போயிருக்கிறது, ஓரிடத்தில் இரண்டு தட்டுக்கும் நடுவில் ஒட்டுப் பசை கசிந்து காய்ந்தது போல ஒரு தடம். இதையெல்லாம் முன்பு ஒரு முறைகூடக் கவனித்ததில்லை.

கெட்டுப்போன மூன்றில் இரண்டுக்குக் கேசட் இருக்கிறது. மூன்றாவதில் தம்பி அவன் கைபேசியில் எடுத்த படங்கள் சிலவற்றையும் சேர்த்து எழுதியிருந்தேன், அந்தக் கைபேசி இப்போது இல்லை. அதை மீட்க வழி உண்டா?

பழுதுநீக்கி:

உண்டு, ஆனால் அந்த டிஸ்க்கைத் திரும்பத் திரும்பப் பிளேயரில் போட்டுப் பார்ப்பதை இப்போதே நிறுத்துங்கள்.

முதலில் துடையுங்கள். மென்மையான பருத்தித் துணி, நடுத் துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில். வட்டமாகத் துடைக்கவே கூடாது, வட்டமாகக் கீறல் விழுந்தால் அது தடத்தோடு சேர்ந்தே ஓடும், பிழை திருத்தும் அமைப்பு திணறிவிடும். குறுக்கே விழுந்த கீறலை அது எளிதாகச் சமாளிக்கும்.

அடுத்து வேறு ரைட்டர். இது கேட்க எளிதாகத் தோன்றும், ஆனால் பாதி மீட்பு இதிலேயே முடிந்துவிடும். ஒரு கருவி படிக்க முடியாததை இன்னொன்று சர்வ சாதாரணமாகப் படிக்கும். மேசைக் கணினிக்குள் பொருத்தும் முழு அளவு ரைட்டர் யாரிடமாவது இருந்தால் கேளுங்கள், மெல்லிய வகையை விட அவை விளிம்பை நன்றாகப் படிக்கும் என்பது என் அனுபவம். படிக்கும்போது வேகத்தைக் குறைத்து வையுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள். அது முதலில் நன்றாகப் படிக்க முடிந்த பகுதிகளை எல்லாம் எடுத்துக்கொள்ளும், அடம்பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு பிறகு திரும்பி வந்து முயலும். அதன் குறிப்புக் கோப்பைப் பத்திரமாக வைத்திருந்தால் அதே டிஸ்க்கை இரண்டாவது ரைட்டரில் போட்டு, விட்ட இடங்களை மட்டும் படிக்க வைக்கலாம். எனக்கு ஒரு டிஸ்க்கில் முதல் கருவி 300 எம்பியை விட்டுவிட்டது, இரண்டாவதில் அது 2 எம்பியாகக் குறைந்தது, மூன்றாவதில் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு இரவு முழுவதும் ஓடியது, பொறுமை வேண்டும். விண்டோஸ் என்றால் ஐசோபஸ்டர் இருக்கிறது.

இன்னொன்று. எழுதிய பின் 'சரிபார்ப்பு வெற்றி' என்று வந்தால் இன்றைக்குப் படிக்க முடிகிறது என்றுதான் அர்த்தம். டிஸ்க் எந்த அளவு மயிரிழையில் தப்பித்தது என்று அது சொல்லாது. அதற்கு நீரோ டிஸ்க்ஸ்பீட் மாதிரி ஒன்றில் படிக்கும் வேகத்தின் வரைகோட்டைப் போட்டுப் பாருங்கள். நல்ல டிஸ்க் என்றால் கோடு உள்ளிருந்து வெளியே வழுவழுவென்று ஏறிக்கொண்டே போகும். கடைசிப் பகுதியில் பள்ளம் பள்ளமாக விழுந்தால் அந்த டிஸ்க்கை யாருக்கும் கொடுக்காதீர்கள், வேறு ஒன்றை எழுதுங்கள்.

இரட்டைப்பிரதி:

கேசட்பெட்டி நண்பரே, நீங்கள் கணினிக்கு ஏற்றிய மூலக் கோப்புகளை டிவிடி ஆனதும் அழிக்கத் திட்டமா? தயவுசெய்து அழிக்காதீர்கள். மினிடிவி மூலம் நொடிக்கு 25 மெகாபிட், மணிக்குச் சுமார் 13 ஜிபி. டிவிடியில் போவது அதில் நான்கில் ஒரு பங்கு. டிவிடி பார்ப்பதற்கான பிரதி, அதை வைத்துக் காப்பகம் நடத்த முடியாது. 14 கேசட் என்றால் 180 ஜிபி சொச்சம், இரண்டு வன்தட்டில் இரண்டு பிரதி, ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று தம்பி வீட்டில். கேசட்டையும் வைத்திருங்கள்.

புகைப்படம், கடிதம் மாதிரி அளவில் சின்னவற்றை டிஸ்க்கிலும் வைக்க ஆசை என்றால் எம் டிஸ்க் என்ற வகை உண்டு. அதில் சாயம் கிடையாது, கல் போன்ற கனிமப் படலத்தில் லேசர் பொறிக்கும், அதற்கேற்ற ரைட்டர் வேண்டும், முன்பக்கத்தில் அந்த முத்திரை இருக்கும். ஆயிரம் வருடம் என்பது விற்பவர் சொல்வது, நான் அதை நம்பி ஒரே பிரதியோடு நிற்க மாட்டேன், ஆனால் சாதாரண டிஸ்க்கை விட மேல்.

டேட்டா டிஸ்க் எழுதும்போது நம் ஆட்கள் ஒன்றில் மாட்டுவார்கள். கோப்புப் பெயரைத் தமிழில் வைத்தால் எழுதும் மென்பொருள் பாதியில் வெட்டிவிடும். டிஸ்க்கில் பெயர் எழுதும் ஜோலியட் முறைக்கு 64 எழுத்துதான் வரம்பு, ஆனால் அது நம் எழுத்துக் கணக்கு இல்லை. புள்ளி ஒன்று தனியாக எண்ணப்படும், கொம்பு, துணைக்கால், கொக்கி எல்லாம் தனியாக எண்ணப்படும். 'தாத்தா' என்பது நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஆறு. நீளமான பெயர் என்றால் யூடிஎஃப் என்ற இன்னொரு எழுதும் முறையைத் தேர்ந்தெடுங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்புக்கும் அதே யூடிஎஃப்தான்.

டிஸ்க் மேல் ஒட்டும் காகித லேபிள் வேண்டவே வேண்டாம். ஒட்டிய காகிதம் காய்ந்து இழுக்கும், தட்டு வளையும், சுற்றும்போது எடை ஒரு பக்கம் சாயும். நீர் மையில் ஆன மார்க்கரால் நடுவில் தெளிவாக இருக்கும் வளையத்தில் சின்னதாக எழுதினால் போதும். நிற்க வைத்து, வெயில் படாத இடத்தில், ஈரமில்லாமல் வையுங்கள்.

கேசட்பெட்டி:

மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்ல வந்தேன்.

ஏசோ என்று போட்ட வெர்பாட்டிம் மைனஸ் ஆர் பத்து வாங்கினேன், குறியீடு சுழல்வட்டு அண்ணா சொன்ன அதே 03ஆர்ஜி20. ஹப்பை எடுத்துவிட்டு நேராகச் செருகினேன். வேகம் 6. ஐந்து எழுதினேன், ஐந்தும் பிழை இல்லாமல் முடிந்தன, வேறொரு ரைட்டரில் போட்டுச் சரிபார்த்தேன், வரைகோடும் கடைசி வரை வழுவழுவென்றுதான் இருக்கிறது. ஃபீல்டு ஆர்டர் விஷயம் சத்தியமான உண்மை, முதல் முறை மாற்றாமல் ஆர்டபிள்யூவில் எழுதிப் போட்டால் அப்பா சைக்கிளில் வரும் இடத்தில் சக்கரம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. பாட்டம் ஃபர்ஸ்ட் வைத்ததும் சரியாகிவிட்டது.

தம்பியின் டிஸ்க் முழுவதும் வரவில்லை. அலுவலக நண்பரின் மேசைக் கணினியில் ஒரு இரவு ஓடவிட்டதில் 41 கோப்பில் 38 வந்தது. மூன்று போனது போனதுதான்.

நேற்று அம்மா வீட்டில் முதல் டிஸ்க்கைப் போட்டோம். மெனு வைக்கவில்லை, படத்தொகுப்பு சொன்னபடி தானாகத் தொடங்கியது. தாத்தா பேசும் இடம் வந்ததும் அம்மா ரிமோட்டை வாங்கி, அத்தியாயத்தின் தொடக்கத்துக்குத் திரும்பப் போய் இன்னொரு முறை போட்டார். இப்போது என்னிடம் கேட்பது ஒன்றுதான், அந்த இடத்துக்கு நேராகப் போக ஒரு அத்தியாயப் புள்ளி வைக்க முடியுமா என்று. டிவிடி ஸ்டைலரில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று இல்லாமல் நான் சொல்லும் நொடியில் வைக்க வழி உண்டா?

படத்தொகுப்பு:

உண்டு. அந்த வீடியோவின் பண்புகளைத் திறந்தால் அத்தியாயங்கள் என்று ஒரு வரி இருக்கும், நேரங்களை நீங்களே தட்டச்சு செய்யலாம். தாத்தா பேசத் தொடங்குவதற்கு இரண்டு நொடி முன்னால் வையுங்கள். துல்லியமாக அந்த நொடியிலேயே வைத்தால் சில பிளேயர்கள் முதல் சொல்லை விழுங்கிவிடும்.